வெந்நீர் அடுப்புச் சாம்பல்

தனியார் ராக்கெட் ஒன்று கிளம்பும்போது அந்தக் கம்பெனிக்காரர்கள் ஒரு கூடத்தில் கூடி நின்று ஊளையிட்டுக் கைதட்டுவார்கள். அதைப் பார்த்தால் இப்போது எனக்குக் குமட்டுகிறது. இத்தனைக்கும் அன்னவாசல் பேருந்து நிலையத்துக்கு எதிரே என் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து ஆறேழு வருடம் அவர்களோடு சேர்ந்து கைதட்டியவன் நான். கடைக்கு வந்தவர்கள் ஆதார் அட்டையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். "ஒரு நிமிசம் இருங்க, கவுண்ட்டவுன் போகுது" என்பேன். பட்டா எடுக்க வந்த ஒரு பெரியவர் ஒருமுறை என் முகத்தையே பார்த்துவிட்டு, "நம்ம ஆளுங்க யாரும் அதுல போறாங்களா தம்பி?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்பறம் என்னத்துக்கு இப்புடிப் பதறுறீங்க?" என்றார். அவருக்கு இரண்டு பிரதி கூடுதலாக எடுத்துக் கொடுத்தேன்.

தனியார் ராக்கெட்டுகளைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற நினைப்பு வந்திருந்தது. எந்தக் கம்பெனி ராக்கெட்டின் நெருப்பு என்ன நிறம், எது திரும்பி வந்து நின்ற வாக்கில் இறங்கும், எந்த முதலாளி சொல்லும் தேதியை நம்பலாம், எவன் வாயைத் திறந்தாலே புளுகு, எல்லாம் அத்துப்படி. போனில் ஒரு குழு வைத்திருந்தோம். கோயம்புத்தூர், சிங்கப்பூர், தோஹா என்று எங்கெங்கோ இருக்கும் தமிழ் ஆட்கள். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. வெளிநாட்டு நேரத்தை நம் நேரத்துக்கு மாற்றிப் போடுவது என் வேலை. ராக்கெட் கிளம்பாவிட்டால் எங்களுக்கு அதுவும் கொண்டாட்டம்தான். வால்வு கசிந்ததா, உயரத்தில் காற்று பலமா, தடை செய்த கடலுக்குள் எவனாவது படகை விட்டுவிட்டானா என்று இரண்டு நாள் பேசித் தீர்ப்போம். புதிதாகச் சேர்ந்தவர்கள் வருத்தப்பட்டால், "இந்தத் தொழிலில் தள்ளிப்போவது சகஜம்" என்று நான்தான் தேற்றுவேன். இதே வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லித்தான் பின்னால் என் தங்கச்சியின் கல்யாணத்தைக் கெடுத்தேன்.

அப்பா கடலை போடுகிற விவசாயி. சாயங்காலம் கடைக்கு வந்து பேப்பர் படித்துவிட்டு, நான் ஷட்டரை இறக்கியதும் என் வண்டியில் ஏறி வீட்டுக்கு வருவார். சித்தன்னவாசல் மலையைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் ஊர். ராக்கெட் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒரே ஒருநாள், பேப்பரில் படிக்க ஒன்றும் மிச்சமில்லாததால், என் பக்கத்தில் நின்று ஒரு ராக்கெட் போவதைக் கடைசி வரைக்கும் பார்த்தார். "அங்கிட்டுப் போய்ட்டா கொசுக்கடி இருக்காதுல்லடா" என்றார். காலைச் சொறிந்துகொண்டே சொன்னார். அவருக்கும் விண்வெளிக்கும் இருந்த சம்பந்தம் அவ்வளவுதான்.

ஓர் ஆனி மாதக் காலையில் வயலில் மோட்டார் போடப் போனவர், அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து இறந்துபோனார். துக்கம் கேட்க வந்தவர்களிடம் அந்தக் கொசுக்கடிப் பேச்சைச் சொன்னேன். முதலில் கொசுவோடு சேர்த்துத்தான் சொன்னேன். நாலைந்து பேருக்குச் சொன்ன பிறகு கொசு விட்டுப்போனது. மறுநாள் அது, "அப்பாவுக்கு மேலே போகணும்னு ரொம்ப ஆசை" என்று ஆகிவிட்டது. காடாற்றிச் சாம்பலை அள்ளிக்கொண்டு வந்தபோது நானே அதை நம்பிவிட்டேன். செத்துப்போன மனிதரின் வாயில் என் ஆசையைத் திணித்தேன் என்று இன்று சுலபமாக எழுத வருகிறது. அன்று அதைச் சொல்லும்போது கண்ணீரே வந்தது.

இறந்தவரின் சாம்பலில் ஒரு சிட்டிகை கொடுத்தால் ராக்கெட்டில் வைத்து அனுப்புகிற வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று இருப்பது எனக்குப் பல வருடமாகத் தெரியும். பலருடைய சாம்பலை விரல் நுனி அளவுக் குப்பிகளில் அடைத்து, ஒரே பெட்டியில் அடுக்கி, வேறு யாருடைய சாட்டிலைட்டோ போகிற ராக்கெட்டில் ஓர் ஓரத்தில் வைப்பார்கள். அந்தப் பெட்டி சில வாரம் பூமியைச் சுற்றும். பிறகு கீழே வரும்போது காற்றில் உரசி எரிந்துபோகும். சாவுக்கு ஷார்ஜாவிலிருந்து வந்திருந்த பெரியப்பா மகன், "சித்தப்பாவுக்கு இதக்கூடச் செய்ய மாட்டேனா?" என்று தன் போனிலேயே பதிவு செய்துவிட்டான். சாம்பலைக் கையோடு எடுத்துப்போய் அங்கிருந்து அனுப்புவதும் அவன் பொறுப்பு.

ஆத்தாதான் ஒப்பவில்லை.

"எல்லாத்தையும் ஒரே தண்ணியில கரைக்கணும்டா. ஆள ரெண்டாப் பிரிக்காத" என்றாள்.

"ஒரு சிட்டிகைதான் ஆத்தா. அப்பா ஆசப்பட்டது."

நாற்பது வருடம் அப்பாவோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அப்படி ஓர் ஆசை இருந்ததாகத் தெரியாது. ஆனாலும் மகனிடம் சொல்லியிருக்கிறார் என்றால் இருக்கும் என்று இறங்கி வந்தாள். ஒன்று மட்டும் சொன்னாள். "அதுவும் போய்ச் சேந்தாத்தான் அந்த மனுசன் போய்ச் சேந்ததா அர்த்தம். அதுவரைக்கும் இந்த வீட்டுல நல்லது எதுவும் நடக்கக் கூடாது." இரண்டு மாதத்தில் போய்விடும் என்றேன். கம்பெனியின் இணையப் பக்கத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

சாம்பல் பானை வீட்டுக்குள் வரக் கூடாது என்பதால் அதைக் கொல்லையில் புங்கமரத்துக் கிளையில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். பதினாறாம் நாள் காரியத்துக்குத் திருச்சி காவிரியில் கரைக்க வேண்டும். அதற்கு முன்னால் குப்பியை நிரப்பியாக வேண்டும். அந்த வேலையைத் தங்கச்சியிடம் கொடுத்தேன். அவள் புதுக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியன். ரத்தம், சிறுநீர் என்று தினமும் சாம்பிள் பிடித்து மூடி ஒட்டுகிற கை. "நீ போட்டாத்தான் சுத்தமா இருக்கும்" என்றேன். அவள் குப்பியை வாங்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். நேரம் கழித்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, அப்பா பெயர் எழுதிய சீட்டும் ஒட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். முகத்தில் ஈயாடவில்லை. அப்பா நினைப்பில் இருக்கிறாள் என்று எண்ணினேன்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தக் குப்பியை அப்பாவின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்குப் பக்கத்தில் நிறுத்தி, நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். ராக்கெட் சுமந்து போகிற சாமானை நாங்கள் பேலோடு என்போம். "நம்ம குரூப்பிலிருந்து முதல் பேலோடு, காங்கிரட்ஸ் ப்ரோ" என்று தோஹாக்காரர் எழுதினார். கட்டைவிரல்களும் பூங்கொத்துகளும் வந்து குவிந்தன. வெறுமனே வேடிக்கை பார்க்கிறவனாக இருந்த நான் ஒரே நாளில் ராக்கெட்டில் இடம் உள்ள ஆளாகிவிட்டேன். அப்பா செத்துப் பதினாறு நாள்கூட ஆகவில்லை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன பிறவி நான்!

தங்கச்சிக்கு அப்பா இருக்கும்போதே அறந்தாங்கிப் பக்கம் ஒரு இடம் பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளைக்குக் குவைத்தில் வேலை. இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்வார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கி என் கடையில் அவள் எனக்காகக் காத்திருக்கும்போது, போனைப் பார்த்துத் தனக்குத்தானே சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். வருடம் திரும்பியதும் அவருக்கு லீவு, வந்ததும் கல்யாணம் என்று ஏற்பாடு. வருடமும் திரும்பியது. ராக்கெட்தான் கிளம்பவில்லை. இரண்டு மாதம் ஆறு மாதமாகி, ஆறு மாதம் ஒரு வருடத்தைத் தாண்டியிருந்தது. ஆத்தா தலைத்திதி கூடக் கொடுக்க விடவில்லை.

"அந்த மனுசன் இன்னும் வழியிலயே நிக்கிறாரு. வழியில நிக்கிற ஆள வச்சுக்கிட்டு வாசல்ல எப்புடிடா முகூர்த்தக்கால் ஊன்றது?" என்றாள்.

மாப்பிள்ளை வந்தார், லீவு முடிந்து போனார். அடுத்த லீவுக்குள் நிச்சயம் முடிந்துவிடும் என்று நான் அவர்கள் வீட்டுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அடுத்த லீவும் வந்தது. இந்த முறை மாப்பிள்ளையின் மாமா நேராகக் கடைக்கே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, நிதானமான மனிதர். "தேதி என்னங்க தம்பி ஆச்சு?" என்றார். அவருக்கு ஒரு டீ சொல்லிவிட்டு, ஸ்கிரீனைத் திருப்பி வைத்து, உயரம் போகப் போகக் காற்று எப்படித் திசை மாறும் என்று படம் போட்டு விளக்கினேன். சாட்டிலைட்காரன் இன்னும் தயாராகவில்லை, அதனால்தான் அப்பா காத்திருக்கிறார் என்றேன். தாமதத்துக்கான காரணங்களை ஒரு தாளில் கலர் பிரிண்ட் எடுத்தும் கொடுத்தேன். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நமக்குப் படிப்பு பத்தாதுங்க. ஆனா எங்க பய லீவு அடுத்த மாசக் கடைசியோட முடியுது. அதத் தள்ளிப்போட எங்களால ஆகாது" என்றார். "இந்தத் தொழில்ல தள்ளிப்போறது சகஜங்க" என்றேன். பெருமையாகச் சொன்னேன், அதுதான் கேவலம்.

அன்று சாயங்காலம் தங்கச்சி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். வழக்கமாக உட்காரும் ஸ்டூலில் உட்காரவில்லை. கடையில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அண்ணே, அந்தக் குப்பியில அப்பா இல்ல."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். "பானையத் தெறந்தேன். ஸ்பூன எடுத்தேன். நாள் பூரா ஆஸ்பத்திரியில கண்டவங்க மூத்திரத்தப் புடிச்சு ஒட்டுற மாதிரி அப்பாவ ஒட்ட எனக்குக் கை வரலண்ணே. திருப்பி மூடிட்டேன். பக்கத்துல இருந்த வெந்நீர் அடுப்புச் சாம்பல அள்ளிப் போட்டு ஒட்டிக் கொடுத்துட்டேன். அப்பா மொத்தமாக் காவிரிக்குத்தான் போனாரு. வழியில எங்கயும் நிக்கல."

இதைக் கேட்டதும் ஒரு மகனுக்கு என்னென்னவோ தோன்றியிருக்க வேண்டும். நான் கேட்ட முதல் கேள்வி இது: "அளவு சரியாப் போட்டியா? எடை கொறஞ்சா எடுக்க மாட்டாங்களே."

அவள் என்னைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. "நீ ஆத்தாகிட்டச் சொல்லுண்ணே" என்றாள். "நான் சொன்னா கல்யாணத்துக்குப் பறந்துக்கிட்டுப் பொய் சொல்றேன்னு நெனைக்கும். நீ சொன்னா நம்பும். நீ சொல்லித்தான எல்லாத்தையும் நம்புச்சு. இன்னும் ஒரு மாசம் இருக்கு. நாளைக்கே கால் ஊன்றிரலாம்."

"ஆத்தா தாங்காதும்மா" என்றேன். ஆத்தா மேல் அக்கறை உள்ளவன் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டேன். உண்மையில் என் கண்முன் நின்றது குழுவில் போட்ட அந்தப் படம்தான். குப்பிக்குள் இருப்பது அடுப்புச் சாம்பல் என்று தெரிந்தால் தோஹாக்காரர் சிரிப்பார். ஷார்ஜாக்காரன் காறித் துப்புவான். ராக்கெட்டில் எனக்கு இருக்கும் இடம் போய்விடும். "அடுத்த மாசம் கண்டிப்பாப் போயிரும். இருபதாம் தேதிக்கு மேல ஒரு நாள் குறிச்சிருக்காங்க. அது போனதும் ஆத்தாவே சம்மதிக்கும். ஒருத்தருக்கும் மனசு நோகாம முடியும். கொஞ்சம் பொறு" என்றேன்.

அவள் பொறுத்தாள். எனக்காக, அல்லது ஆத்தாவுக்காக. இருபதாம் தேதிக்கு மேல் குறித்த நாளில் என்ஜினில் ஏதோ கோளாறு என்று நிறுத்தினார்கள். குழுவில் எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதலை வாங்கிக்கொண்டு நன்றியும் எழுதினேன். மாதக் கடைசியில் அந்த மாமா போன் பண்ணினார். "கோவிச்சுக்காதீங்க தம்பி, மீமிசலுக்குப் பக்கத்துல ஒரு எடத்துல கல்யாணத்த முடிச்சுட்டோம். பய மூணு நாள்ல கெளம்பணும்" என்றார். நான் வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது தங்கச்சி பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். விளக்கி முடித்துக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள். மறுநாள் வழக்கம்போல ஏழே காலுக்கு பஸ் ஏறினாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை டியூட்டியும் கேட்டு வாங்கிக்கொண்டாள். கடையில் எனக்காகக் காத்திருப்பதை விட்டுவிட்டு, மினி பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள்.

அதன் பிறகு நாலு மாதம் கழித்து ராக்கெட் கிளம்பியது.

நம் நேரத்துக்கு மத்தியானம் மூன்று மணி சுமாருக்கு. ஆத்தா காலையிலேயே தலைக்குக் குளித்துவிட்டுப் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் இருந்தாள். டிவிக்குப் பக்கத்தில் அப்பா படத்தை வைத்து விளக்கேற்றி, தலைவாழை இலையில் சோறு, கோழிக் குழம்பு, அவித்த முட்டை, ஓரத்தில் ஒரு பீடிக்கட்டு, தீப்பெட்டி என்று படையல் போட்டிருந்தாள். போனிலிருந்து டிவிக்கு இணைப்புக் கொடுத்தேன். தங்கச்சி அன்று லீவு போட்டிருந்தாள். அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள்.

எத்தனையோ தடவை பார்த்த நிகழ்ச்சிதான். கம்பெனிப் பெயர் போட்ட பனியனில் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் பல்லைக் காட்டிக்கொண்டு பேசினார்கள். எரிபொருள் பற்றிச் சொன்னார்கள், சாட்டிலைட் பற்றி வெகுநேரம் சொன்னார்கள். அதற்கு நடுவில், "இன்று நம்மோடு சில சிறப்புப் பயணிகளும் போகிறார்கள்" என்று அந்தப் பெண் கண்ணைச் சிமிட்டினாள். இறந்தவர்களுக்கு அவ்வளவுதான் நேரம். உடனே அடுத்து, இந்தப் பயணத்தின் படம் போட்ட தொப்பி வேண்டுமா, டம்ளர் வேண்டுமா என்று விளம்பரம். ஆறேழு வருடமாக இதையா வாயைப் பிளந்து பார்த்தேன்? இவர்களிடமா ஆத்தாவின் இரண்டு வருடத்தையும் தங்கச்சியின் கல்யாணத்தையும் கொண்டுபோய்க் கொட்டினேன்? வாயில் எச்சில் ஊறிக் கசந்தது. எழுந்துபோய்த் துப்பலாமென்றால் ஆத்தா என் கையைப் பிடித்திருந்தாள்.

ராக்கெட் எழும்பியதும் அந்தக் கூடத்தில் எல்லாரும் குதித்து ஊளையிட்டார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தேன்.

"கொறைக்காதடா" என்றாள் ஆத்தா. "யாரு அவங்கல்லாம்?"

"கம்பெனி ஆளுங்க ஆத்தா."

"ஒங்கப்பாவ அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாத ஆளுக்கே எப்புடி ஆடி அனுப்புறாங்க பாரு. நம்மளும் கொட்டடிச்சு, வெடி போட்டு, ஆடித்தான அனுப்புனோம். நல்ல சனங்கதான்" என்றாள். சொல்லிவிட்டு, கண்ணீர் ஓட ஓட, நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டாள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. நான் தங்கச்சியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் டிவியைப் பார்க்கவில்லை. கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் போன் துடிக்க ஆரம்பித்தது. பேலோடு பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று கம்பெனி எழுதியிருந்தது. அப்பா பெயர் போட்ட சான்றிதழ் ஒன்றும் இணைத்திருந்தார்கள். அதை நானே என் கடையில் போட்டோ பேப்பரில் பிரிண்ட் எடுத்து, லேமினேஷன் போட்டு மாட்ட வேண்டியதுதான். அதற்குக் கீழே ஓர் அறிவிப்பு: பயணிகளின் குடும்பத்தாருக்கு அடுத்த பயணங்களில் முன்னுரிமை உண்டு. படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"வழியனுப்பியாச்சு. எல்லாரும் தலை முழுகணும்" என்று ஆத்தா எழுந்தாள். அவளைக் கைத்தாங்கலாகக் கொல்லைக்குக் கூட்டிப் போனேன். தங்கச்சி வெந்நீர் அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தாள். பழைய சாம்பலைத் தகரத்தால் வாரி ஒரு ஓரத்தில் கொட்டிவிட்டு, விறகை வைத்துக்கொண்டிருந்தாள். ஆத்தா துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். முகம் தெளிந்திருந்தது. இரண்டு வருடத்தில் அவளை நான் அப்படிப் பார்க்கவில்லை.

"இந்த மாசமே தலைத்திதியக் குடுத்துருவம். தை பொறந்ததும் இவளுக்கு ஒரு நல்ல எடமாப் பாரு" என்றாள். பிறகு புங்கமரத்துக்கு மேலே வானத்தைப் பார்த்தாள். "இப்ப எங்கிட்டுடா இருப்பாரு?"

"சுத்திக்கிட்டு இருப்பாரு ஆத்தா."

"அவரு தனியா எங்கயும் இருந்ததே இல்லடா. எனக்கும் காலம் வந்தா இதே மாதிரி பண்ணிரு. காவிரியெல்லாம் வேணாம். அவரு இருக்குற எடத்துக்கு என்னையும் அனுப்பிரு."

தங்கச்சி அடுப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். கை இரண்டும் மணிக்கட்டு வரைக்கும் சாம்பல். ஆத்தாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"எனக்கு எடம் ஒண்ணும் பாக்க வேணாம் ஆத்தா. நான் இங்கதான் இருப்பேன். குப்பிய நானே நெரப்பித் தாரேன்" என்றாள்.

ஆத்தா அதைக் காதில் வாங்கினாளோ என்னவோ. "நீ சத்தியம் பண்ணுடா" என்று என் பக்கம் கையை நீட்டினாள். பண்ணினேன்.